சிவப்பு ஃபில்டரும் பிலோமியின் பால்கனியும்

சென்ற மாதம் இளம் புகைப்படக்காரர்கள் நீங்கள் நடத்திய கண்காட்சியில் என் பழைய படம் ஒன்றை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தீர்கள். ராயபுரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் மாடிக் குடியிருப்பு. சுவரெல்லாம் வெள்ளைவெளேர், அதற்குப் பின்னால் கரி பூசியதுபோல வானம். "பட்டப்பகலில் வானத்தை எப்படி சார் இவ்வளவு கறுப்பாக்கினீர்கள்?" என்று உங்களில் ஒரு பெண் கேட்டாள். "சிவப்பு ஃபில்டர்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். கிழவனுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருப்பீர்கள். அன்றைக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்கே கான்கிரீட் பைத்தியம் பிடித்திருந்தது. எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள், திருவொற்றியூரில் பெரிய பெரிய தொழிற்கூடங்கள், துறைமுகத்தை ஒட்டிக் கிடங்குகள். தூணில் தாமரை கிடையாது, வளைவில் பூவேலை கிடையாது. கோடும் நிழலும்தான் அலங்காரம். கறுப்பு வெள்ளையில் எடுப்பதற்கென்றே இவற்றைக் கட்டினார்கள் என்று நான் மனதார நம்பினேன். கல்யாணப் படம் எடுத்தால் வயிறு நிறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கட்டடங்கள்மீதுதான் காதல்.

கட்டடத்தை எடுக்கிறவனுக்கு மனிதர்கள் இடைஞ்சல். இது உங்களுக்கும் தெரியும், நீங்களும் அப்படித்தான் எடுக்கிறீர்கள். வாசலில் சைக்கிள் இருந்தால் நகர்த்தச் சொல்வோம். கொடியில் துணி இருந்தால் எடுக்கச் சொல்வோம். சன்னலில் தலை தெரிந்தால் உள்ளே போகச் சொல்வோம். கட்டியவர் மனதில் இருந்த கட்டடம்தான் படத்தில் வர வேண்டும், குடியிருப்பவர் கையில் சிக்கிய கட்டடம் வரக்கூடாது. நம் தொழிலின் எழுதாத சட்டம் இது.

அந்த ராயபுரம் குடியிருப்பைக் கட்டியது ஒரு தனியார் வீட்டுச் சங்கம். பெயர் வேண்டாம். கடலோரத்துக் குடிசைகளில் இருந்த மீனவக் குடும்பங்களுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும் என்று கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் பால்கனி. அடியில் தூண் கிடையாது. கீழே நின்று பார்த்தால், மேசையின் இழுப்பறைகளைப் பாதி இழுத்துவிட்டதுபோல வரிசையாக இருக்கும். பார்த்தவுடன் எனக்குக் கை துறுதுறுத்தது.

மழை விட்ட தை மாதம். அவர்கள் குடி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வானம் துடைத்து வைத்தாற்போல நீலம். சங்கத்தின் பொறியாளர் என்னை அழைத்துப்போய், வீடு வீடாகச் சொல்லித் துணிகளை எடுக்க வைத்தார். இரண்டாவது மாடியில் ஒரு பால்கனியில் மட்டும் வலைகள் தொங்கிக்கொண்டே இருந்தன. நான் கீழேயிருந்து குரல் கொடுத்தேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பிலோமினா. தெருவே பிலோமி என்றுதான் கூப்பிட்டது. அவளும் அவள் தாய் ஆரோக்கியமும் அந்த வீட்டில் இருந்தார்கள். வலை பின்னுவதும் பழுதுபார்ப்பதும் அவர்கள் பிழைப்பு.

"இன்னாத்துக்கு எடுக்கணும்?"

"படம் எடுக்கணும்மா. கட்டடம் நல்லா தெரியணும்."

"துணி காயாத வூடு ஒரு வூடா சார்? எழவு வூட்லதான் கொடி காலியா கெடக்கும்." சொல்லிக்கொண்டே வலைகளைச் சுருட்டி உள்ளே போட்டாள். "சீக்கிரம் எட்த்துக்கோ. ஈர வலை, மக்கிப் பூடும்."

முன்னெல்லாம் மணலில் உலர்த்துவார்கள். துறைமுகம் வந்த பிறகு அங்கே கடல் மணலை விழுங்கிக்கொண்டே வந்தது. கரையில் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். கல்லில் வலையை விரித்தால் கிழியும். அதனால் பால்கனிதான் அவர்களுக்குக் கடற்கரை.

அவள் பால்கனியின் அடிப்பக்கத்தில் இளம் பழுப்பாக ஏதோ ஓடியிருந்ததைக் கண்டேன். பருத்தி வலை மக்காமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் முக்குவார்கள். அந்தச் சாயம் ஒழுகியிருக்கிறது என்றார் பொறியாளர். நானும் அப்படித்தான் நினைத்தேன். லென்சுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் கண்ணாடியை மாட்டினேன், எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஃபில்டர் வானத்தின் நீலத்தைக் கறுப்பாக்கும். அதே நேரம் சிவப்பையும் பழுப்பையும் வெளுத்துவிடும். நீல ஃபில்டர் இதற்கு நேர் எதிர். வானத்தை வெளிறச் செய்யும், பழுப்பைக் கறுப்பாக்கும். ஆக, என் படத்தில் வானம் இருண்டது, கறை போன இடம் தெரியவில்லை. கட்டடம் அன்றைக்குத்தான் பிறந்ததுபோல இருந்தது.

அந்தப் படத்தைப் போல என் வாழ்க்கையில் இன்னொன்று அமையவில்லை. கட்டட வடிவமைப்பாளர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சங்கம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி அலுவலகத்தில் மாட்டியது. காலண்டரில்கூடப் போட்டார்கள். நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தேன். சொன்னால் என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு ஐப்பசி தொடங்கும் நேரத்தில் பிலோமி என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். வந்தாள் என்றால் சண்டைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா சார் பண்ணி வச்சுகீற?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க வூட்டு பால்கனிக்கு அடீல காரை பேந்து வுழுது. கறை ஜாஸ்தியாய்க்கினே போது. கால் வச்சா ஆடுறா மாரி கீது. மூணு வாட்டி ஆபீசாண்ட போய் சொன்னேன். அந்த இன்ஜினீரு, செவுத்துல மாட்டிகீறியே உன் படம், அத்த காட்டி, 'இதுல எங்கம்மா கறை கீது? நீங்க வலையப் போட்டு கலீஜ் பண்ணிட்டு எங்கள சொல்றியா'ங்கிறான். எங்க வூட்டு கறைய நீ எங்க சார் கொண்டுபோய் வச்ச?"

ஃபில்டர் இரண்டையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஸ்டுடியோவில் ஒரு பழுப்புச் சட்டம் இருந்தது. சிவப்பு வழியாகவும் நீலம் வழியாகவும் அதைப் பார்க்கச் சொன்னேன். மாற்றி மாற்றிப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப நீல கண்ணாடி போட்டு இன்னொன்னு எடு. அத்தயும் அவன் செவுத்துல மாட்டட்டும்."

அன்று மத்தியானமே போனேன். வானம் மூட்டமாக இருந்தது. யாரையும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. வலைகள், துணிகள், வாளி எல்லாம் அப்படியே. நீல ஃபில்டரைப் போட்டு, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். பிலோமி பால்கனிச் சுவர்மேல் குனிந்து, கையைக் கீழே நீட்டி, "தோ இங்க, இங்க, தெரிதா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அசையாமல் நிற்கச் சொன்னேன். நின்றாள்.

ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. வண்ணாரப்பேட்டையில் கவுஸ் பாய் என்று ஒருவர், என் வயதுக்காரர், என் பிரிண்ட்களை எல்லாம் அவர்தான் போடுவார். அவருடைய இருட்டறையில் சிவப்பு விளக்கடியில், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் அந்தப் படம் மெல்ல வந்தது. கண்ணுக்குத் திட்டுத் திட்டாகத் தெரிந்த கறை, படத்தில் கோடு கோடாக இருந்தது. ஒரே இடைவெளி, ஒரே நேர். அடுப்புக் கம்பிமேல் வாட்டிய மீனில் தழும்பு விழுமே, அப்படி. சாயம் ஒழுகினால் அதன் இஷ்டத்துக்கு ஒழுகும். இப்படி வரிசை பிடித்து ஒழுகாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து, தாங்கள் படுத்திருக்கும் இடத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தன.

கவுஸ் பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மாமு, இது வுழும்," என்றார்.

காலையில் பொறியாளரிடம் போகிறேன் என்றேன். இந்தப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபில்டர் செய்யும் வேலையை விளக்கப்போகிறேன் என்றேன்.

"அந்த வேலையே வச்சுக்காத. இது ஒன்ன மட்டும் எட்த்துக்கினு போ. ஒன்னு காட்னா நம்புவான். ரெண்டு காட்னா, எது வோணும்னு பொறுக்க ஆரம்பிச்சுடுவான். கஸ்டமர் புத்தி, மாமு."

"அது ஏமாத்துற மாதிரி ஆகாதா பாய்? பழைய படம் அவர் தலைக்கு மேலேயே தொங்குதே. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லாம இதை எப்படிக் காட்டுறது?"

"நீ நாயஸ்தன்தான். யாரு இல்லேன்னா? அவன் நாயஸ்தனான்னு யோச்சியா?"

நான் கேட்கவில்லை. இரண்டையும் கொண்டுபோனேன்.

பொறியாளர் கெட்டவர் அல்ல என்று சொல்லத்தான் ஆசை. எனக்கு இன்னும் தெரியவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் கம்பிக் கோடுகளைக் காட்டினேன். ஃபில்டர்களை மேசையில் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிரமாதம் சார். கறையை வரவழைக்கவும் தெரியும், போக்கவும் தெரியும். நீங்க கலைஞர். வெயில்ல ராத்திரியைக் கொண்டுவந்தவராச்சே. ஆனா கட்டடம் கேமராவுக்குள்ள இல்லையே, வெளியில இல்ல நிக்குது?"

"வெளியில வந்து பாருங்கன்னுதான் சார் கூப்பிடுறேன்."

"பார்த்தாச்சு. வலைச் சாயம். மழை விடட்டும், பூசிக் கொடுக்கச் சொல்றேன்."

கறுத்த கோடுகள் இருந்த படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வெள்ளைப் படத்தை அண்ணாந்து பார்த்து, "இதுக்கு ஈடு வராது சார்," என்றார். பாராட்டுத்தான். அறைந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வடிவமைப்பாளரைத் தேடிப் போனேன். அவர் வெளிநாடு போயிருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். படம் மங்கலாக இருக்கிறது, அச்சில் எடுபடாது என்றார். உண்மைதான், அழகில்லாத படம். நீல ஃபில்டரில் வானம் சோற்றுக் கஞ்சிபோல வெளிறிக் கிடந்தது. செவிடன் காதில் சங்கை ஊதிக்கொண்டு ஆள் ஆளாகத் திரிந்தேன்.

பிலோமியிடம் போய், பால்கனிக்குப் போகாதே, வலை போடாதே என்று சொன்னேன். "வேற எங்க போடுறது? உன் ஸ்டுடியோலயா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பூசித் தரேன்னு சொன்னான் இல்ல? மழ உட்டதும் பூசுவான்," என்றாள். பூசினால் மட்டும் சரியாகிவிடாது, உள்ளே கம்பி போய்விட்டது என்று நான் சொன்னேன். தலையாட்டினாள். வலை நனைந்தால் காயத்தானே வேண்டும், காய்ந்தால்தானே கஞ்சி. அவள் வீட்டில் அதற்கு வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மழை விடவில்லை. காற்றும் சேர்ந்துகொண்ட ஒரு பகலில், காயப்போட்ட வலைகளை உள்ளே இழுக்கப் போயிருக்கிறாள். பால்கனி சுவரோடு ஒட்டிய இடத்தில் முறிந்து, அவளோடும் வலைகளோடும் கீழே போய்விட்டது. கவுஸ் பாய்தான் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சொன்னார். நான் போனபோது அவளை எடுத்துப் போய்விட்டார்கள். முறிந்த இடத்தில் கம்பிகள் விரல் தொட்டாலே உதிரும் அளவுக்கு மக்கிக் கிடந்தன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மறுநாள் காலைக்குள் இடிபாட்டை அள்ளிக்கொண்டு போய், சுவரில் சிமெண்ட் அடித்து மூடிவிட்டார்கள்.

சங்கம் தானே ஒரு விசாரணை வைத்தது. அலுவலக அறையில், என் வெள்ளைப் படத்துக்கு அடியில். தலைமை தாங்கியவர் வெள்ளைச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற பெரிய மனிதர். பொறியாளர் எழுந்து அந்தப் படத்தைக் காட்டினார். குடி வந்து இத்தனை காலம் கழித்து எடுத்த படம், அப்போதும் கட்டடம் இப்படிப் பளிச்சென்று இருந்திருக்கிறது, பிறகுதான் ஈர வலைகளின் பாரம் ஏறியிருக்கிறது என்றார். நான் எழுந்து என் நீல ஃபில்டர் படத்தை நீட்டினேன். பெரிய மனிதர் வாங்கிப் பார்த்தார்.

"இரண்டையும் எடுத்தது நீங்கள்தானா?"

"ஆமாம்."

"இதில் இருக்கிற கோடு அதில் ஏன் இல்லை?"

விளக்கினேன். அழகாகவே விளக்கினேன்.

"அப்படியானால், ஒரு கறையை நீங்கள் விரும்பினால் காட்டலாம், விரும்பினால் மறைக்கலாம். முடியும், இல்லையா?"

அந்த அறையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆரோக்கியம் கதவருகில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது என்று சொன்னால் அது பொய். "முடியும்," என்றேன். அவர் தலையசைத்து, என் படத்தைக் கவிழ்த்து வைத்தார். ஈர வலைகளின் பாரம் என்று முடிவெழுதிவிட்டார்கள்.

இளையவர்களே, இதில் என்ன பாடம் என்று என்னைக் கேட்டால் நான் திணறிப்போவேன். தப்புச் செய்திருந்தாலாவது மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். கவுஸ் பாய் சொன்னபடி ஒரே படத்தைக் காட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். பட்டப்பகலை ராத்திரியாக்குகிறவன் என்று பேர் வாங்கினேன். பிறகு நான் பகல் என்று சொன்னபோது ஒருவனும் நம்பவில்லை. நீங்கள் கறுக்க வைக்கும் ஒவ்வொரு வானத்துக்கும் இப்படி ஒரு விலை பின்னால் வரக்கூடும். உங்களுக்காக அதை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பது எடுக்கும்போது தெரியாது.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ஆரோக்கியம் கவுஸ் பாயின் கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"எம் பொண்ணு படம் ஒன்னுகூட இல்ல நைனா. படத்த வச்சு மெழுவத்தி கொளுத்தணும்னு சாமியாரு சொன்னாரு. நீ எங்க வூட்ட அத்தினி வாட்டி எட்த்தியே, எதுலனா அவ கீறாளா?"

அந்தக் கட்டடத்தை எத்தனையோ கோணத்தில் எடுத்திருந்தேன். ஒன்றிலும் ஒரு மனிதர் இல்லை. அந்த ஒரு படத்தில் மட்டும் இருந்தாள், அசையாமல், கையை நீட்டிக்கொண்டு. எடுத்துக் கொடுத்தேன். ஆரோக்கியம் முதலில் மகளின் முகத்தைத் தடவினாள். பிறகு அவள் கை காட்டிய இடத்துக்குப் பார்வை போயிற்று.

"இன்னா நைனா இது, கறுப்பா கோடு கோடா?"

"அதுதான்மா உங்க பொண்ணைக் கொன்னது. உள்ளே கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. வலையால இல்லை. பிலோமி அதைக் காட்டத்தான் நின்னா."

ஆரோக்கியம் இல்லை என்று தலையசைத்தாள். "நான்தான் நைனா. மழ வருது, ஓடிப்போய் வலைய எட்த்துக்கினு வான்னேன். நான் சொல்லித்தான் போனா. ஈர வலை பாரம்னு எய்திட்டாங்களே."

"அது பொய்மா. இதோ படத்துலயே இருக்கே."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. என்மேல் இரக்கப்படுவதுபோலத்தான் இருந்தது.

"உன் பொட்டில கறுப்பு வோணும்னா கறுப்பு வரும், வெள்ள வோணும்னா வெள்ள வரும். நீயே தானே அன்னிக்கு ஒத்துகின? நான் அங்கதான நின்னுகினு இருந்தேன். உடு நைனா. அந்த கலீஜெல்லாம் வோணாம். எம் பொண்ண மட்டும் சுத்தமா போட்டுக் குடு."

இருட்டறைக்குள் போனோம். நீல ஃபில்டரில் பிலோமியின் முகம் கரிக்கட்டைபோல வந்திருந்தது. கவுஸ் பாய் வெளிச்சத்துக்குக் குறுக்கே விரலை ஆட்டி ஆட்டி, முகத்தை வெளுக்க வைத்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வெட்டிடவா மாமு?"

"வெட்டிடுங்க பாய்."

தாளைப் பிடித்திருந்த சட்டத்தை மேலே நகர்த்தினார். கோடுகள் தாளுக்கு வெளியே போயின. அவள் நீட்டிய கையும் முழங்கையோடு போயிற்று. ஆரோக்கியம் அந்தப் படத்தை முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள்.

கண்காட்சியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. வானத்தைப் பார்த்தது போதும் அம்மா. அடுத்த முறை அந்தப் படத்துக்கு முன்னால் நின்றால், இரண்டாவது மாடியில், இடமிருந்து மூன்றாவது பால்கனியைப் பாருங்கள். ஒரு வலைகூட இருக்காது, ஒரு தலைகூடத் தெரியாது. நான்தான் எடுக்கச் சொன்னேன்.